இரண்டு நிமிஷ ஆகாய யாத்திரை

“ஓர் ஆகாய விமானம் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் போகிறது. தூரம் 2.7 கிலோமீட்டர். பிரயாண காலம் 2 நிமிஷம். விமானத்தின் வேகம் என்ன?”

இந்தக் கணக்கை எட்டாம் வகுப்புக் கரும்பலகையில் எழுதிப் போட்டபோது பிள்ளைகள் பென்சிலை எடுக்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். பின்வரிசையில் இருந்த பையன் ஒருவன் எழுந்து, “ஸார், கணக்கில் ஏதோ தப்பு இருக்கிறது. இந்தத் தூரத்துக்கு யாராவது விமானம் ஏறுவார்களா? எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடமே இதைவிடத் தூரம். நான் தினம் நடந்துதான் வருகிறேன்” என்றான்.

வகுப்பு முழுவதும் அவன் கட்சி. உபாத்தியாயர் பக்கம் ஒருவரும் இல்லை. ஆனால் கணக்கில் தப்பு இல்லை. அந்த விமானம் இருக்கிறது. அந்த இரண்டு ஊர்களும் இருக்கின்றன. சென்ற கோடை விடுமுறையில் நாங்கள் அந்த விமானத்தில் ஏறிப் போய்விட்டு வந்தோம். நாங்கள் என்றால், பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவர் ஒருவர், வீட்டில் கணக்குப் பார்ப்பவர் ஒருவர், ஆக இருவர். பையனுக்குச் சொல்ல வேண்டிய பதில் இன்னதென்று போய் வந்த பிறகுதான் எங்களுக்கே விளங்கிற்று.

2.7 கிலோமீட்டர் என்பது எவ்வளவு தூரம் என்று நேயர்கள் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். சென்னை மீனம்பாக்கத்தில் விமானம் தரையில் ஓடி எழுவதற்காகப் போட்டிருக்கும் பெரிய பாதையின் நீளமே மூன்றரைக் கிலோமீட்டருக்கு அதிகம். அதாவது, நாங்கள் ஆகாயத்தில் பறந்து கடந்த முழுத் தூரத்தையும் மீனம்பாக்கத்துத் தரைப் பாதைக்குள் அடக்கிவிடலாம். அடக்கிய பின்னும் மிச்சம் இருக்கும். கால அட்டவணை போட்டுக் கிரமமாக நடக்கும் விமானப் பிரயாணங்களில் உலகத்திலேயே மிகக் குறுகியது இதுதான்.

அந்த இடம் எங்கே இருக்கிறது? பிரிட்டனின் படத்தை விரித்து, ஸ்காட்லாந்தின் வடக்கு முனைக்கு மேலே பாருங்கள். பெரிய நிலத்திலிருந்து தெறித்து விழுந்த துண்டுகளைப் போல ஒரு தீவுக் கூட்டம் தென்படும். அதற்கு ஆர்க்னி என்று பெயர். சின்னதும் பெரியதுமாகச் சுமார் எழுபது தீவுகள். அவற்றில் ஜனங்கள் குடியிருப்பவை ஏறக்குறைய இருபது. மொத்த ஜனத்தொகை சுமார் 22,000. வட அட்சம் 59 பாகையில் இருப்பதால் மே மாதக் கடைசியில் அங்கே சூரியன் இரவு பத்து மணி வரையில் அஸ்தமிப்பதில்லை. “விளக்கு வைக்கும் நேரம் எப்போது?” என்று எங்களில் ஒருவர் முதல் நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தார்.

இத்தீவுகள் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த விதம் நம் வீடுகளில் நன்றாகப் புரியக்கூடிய விதம். பல நூற்றாண்டுகள் இவை நார்வே நாட்டினருக்கு உரியனவாக இருந்தன. டென்மார்க்குக்கும் நார்வேக்கும் அரசரான முதலாம் கிறிஸ்டியன் தம் பெண் மார்கரெட்டை ஸ்காட்லாந்து அரசர் மூன்றாம் ஜேம்ஸுக்கு மணம் பேசினார். பேசிய வரதட்சிணைக்குக் கையில் ரொக்கம் இல்லை. ஆகவே 1468-இல் ஆர்க்னித் தீவுகளை ஈடாக வைத்தார். ஈடு மீட்கப்படவே இல்லை. 1472-இல் தீவுகள் ஸ்காட்லாந்தோடு சேர்ந்துவிட்டன. கல்யாணச் செலவில் காணி நிலம் போவதை நாம் பார்த்திருக்கிறோம். இங்கே ஒரு சமுத்திர ராஜ்யமே போயிருக்கிறது!

எடின்பரோவில் இருக்கும் எங்கள் தம்பி வீட்டிலிருந்து புறப்பட்டு, ஆர்க்னியின் தலைநகரான கிர்க்வாலுக்கு வந்து சேர்ந்தோம். 1137-இல் கட்டத் தொடங்கிய செயிண்ட் மாக்னஸ் தேவாலயத்தைப் பார்த்தோம். சிவப்புக் கல்லும் மஞ்சள் கல்லும் கலந்து எழுப்பிய அந்த ஆலயம் அவ்வளவு சிறிய ஊருக்கு அவ்வளவு பெரிதாக இருக்கிறது. மறுநாள் காலை விமான நிலையத்துக்குப் போனோம்.

அங்கே நின்ற விமானத்தைப் பார்த்ததும் எங்களுக்குச் சற்றுத் திகைப்பு உண்டாயிற்று. நம் ஊர்க் கல்யாணக் கோஷ்டிகள் ஏறிப் போகும் வான் வண்டிக்கு இரண்டு இறக்கை கட்டினாற்போல் இருந்தது. அதன் பெயர் ‘ஐலண்டர்’. ‘தீவுக்காரன்’ என்று சொல்லலாம். ஜான் பிரிட்டன், டெஸ்மண்ட் நார்மன் என்ற இருவர் தென் இங்கிலாந்தை அடுத்த வைட் தீவில் இருந்துகொண்டு இதைச் செய்தார்கள். 1965-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் இது முதல் முதலாகப் பறந்தது. தீவில் பிறந்து தீவுகளுக்காகவே உழைக்கும் விமானம்! இறக்கைகள் தலைக்கு மேலே, இரண்டு இயந்திரங்கள், உள்ளே மடங்காமல் எப்போதும் வெளியே நிற்கும் சக்கரங்கள். சிமெண்டுப் பாதை வேண்டும் என்று இது அடம் பிடிப்பதில்லை. சரளைக் கல்லோ புல்தரையோ போதும். கொஞ்ச தூரம் ஓடி எழும்பிவிடும்.

உள்ளே நடந்து போக வழி கிடையாது. மோட்டார் வண்டியில் ஏறுவதுபோல் அவரவர் ஆசனத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கதவைத் திறந்து ஏற வேண்டும். பிரயாணிகள் எட்டுப் பேர். விமானி ஒருவர். அவருக்கும் நமக்கும் நடுவே திரை இல்லை, சுவர் இல்லை. அவர் கழுத்தைத் திருப்பி, பெல்ட்டைப் போட்டுக்கொள்ளும் விதத்தை எங்களுக்குச் சொல்லிவிட்டு, முன்னால் திரும்பி இயந்திரத்தைக் கிளப்பினார். கால் மணி நேரத்தில் வெஸ்ட்ரே தீவில் இறங்கினோம்.

வெஸ்ட்ரே சற்றுப் பெரிய தீவு. 2011-ஆம் வருஷத்துக் கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் அறுநூறுக்குச் சற்றுக் குறைவு. பயிரில்லாமல் பசும்புல்லாக விரிந்த நிலம், கொழுத்த மாடுகள், பியரோவால் என்ற மீன்பிடி ஊர், பதினாறாம் நூற்றாண்டில் கில்பர்ட் பால்ஃபர் கட்டிய நோல்ட்லாந்துக் கோட்டை. அந்தக் கோட்டைச் சுவர் முழுவதும் துப்பாக்கி நீட்டுவதற்கான துவாரங்கள். கட்டியவருக்கு எத்தனை சத்துருக்கள் இருந்திருக்க வேண்டும் என்பதை அந்தத் துவாரங்களைக் கொண்டே கணக்கிட்டுவிடலாம்.

அங்கே ஓர் இரவு தங்கிவிட்டு, மறுநாள் காலை உலகப் பிரசித்தி பெற்ற அந்த இரண்டு நிமிஷப் பிரயாணத்துக்காக ஐகர்னெஸ் என்ற இடத்திலுள்ள விமானத் தளத்துக்குப் போனோம். தளம் என்றால் ஒரு வயல்வெளி, அதன் ஓரத்தில் ஒரு சிறிய கட்டடம், காற்றின் திசையைக் காட்டும் துணிக் குழாய். அவ்வளவுதான். எதிரே கடலுக்கு அப்பால் பாப்பா வெஸ்ட்ரே தீவு இருக்க வேண்டும். ஆனால் அன்று காலை எதிரே ஒன்றுமே இல்லை. கடலும் வானமும் கரையும் ஒரே வெண்மையாக இருந்தன. மூடுபனி.

இரண்டு நிமிஷப் பிரயாணத்துக்காக நாங்கள் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம்.

எங்களோடு காத்திருந்தவர்களில் எழுபது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மாள் இருந்தார். மடியில் ஒரு கூடை. வெஸ்ட்ரேயில் நோயாகக் கிடந்த தங்கையைப் பார்த்துவிட்டுத் தம் ஊரான பாப்பா வெஸ்ட்ரேக்குத் திரும்புகிறாராம். எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “இந்த விமானத்தில் ஏறவா இந்தியாவிலிருந்து வந்தீர்கள்?” என்று கேட்டார்.

ஆமென்று சொல்ல எங்களுக்குச் சற்றுக் கூச்சமாக இருந்தது. “உலகத்திலேயே இதுதான் மிகக் குறுகியதாமே! அந்த அதிசயத்தைப் பார்க்க வந்தோம்” என்றோம்.

அம்மாள் புன்னகை செய்தார். “அதிசயமா? எங்களுக்கு இது பஸ்” என்றார்.

பிறகு பனி மூடிய திசையைக் கையால் காட்டி, “தெளிவான நாளில் இங்கே நின்றால் என் வீட்டுக் கூரை தெரியும். மாடு மேய்வதுகூடத் தெரியும். ஆனால் காற்றும் அலையும் பனியும் சேர்ந்துகொண்டால் என் வீடு லண்டனைவிடத் தூரம். லண்டனிலிருந்து கிர்க்வாலுக்கு ஒரே நாளில் வந்து சேரலாம். இங்கிருந்து என் வீட்டுக்கு மூன்று நாள் ஆன சமயங்களும் உண்டு” என்றார்.

எங்களில் கணக்கு வாத்தியாராக இருப்பவருக்கு அப்போதுதான் முதல் அடி விழுந்தது. தூரம் என்பது இரண்டு இடங்களுக்கு நடுவே மாறாமல் இருக்கும் அளவு என்று இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தவர் அவர்.

பதினொரு மணி சுமாருக்குப் பனி விலகிற்று. நாடகத் திரையைத் தூக்கினாற்போல் எதிர்த் தீவு முழுவதும் ஒரே கணத்தில் வந்து நின்றது. அம்மாள் சொன்னது உண்மை. வீடுகளை ஒவ்வொன்றாக எண்ணலாம் போல் இருந்தது. சிறிது நேரத்தில் விமானமும் வந்து இறங்கியது. ஏறினோம். இயந்திரம் உறுமிற்று, சரளைக் கல் சடசடத்தது, சக்கரம் தரையை விட்டது. கீழே பச்சை நிறம் முடிந்து நீலம் வந்தது. நீலத்தில் வெள்ளைக் கோடுகளாக நீரோட்டம். அதைக் காட்டுவதற்காக ஒருவர் மற்றவர் பக்கம் திரும்புவதற்குள் நீலம் முடிந்து மீண்டும் பச்சை வந்துவிட்டது. விமானி இறங்குவதற்காக மூக்கைத் தாழ்த்திக்கொண்டிருந்தார். கடிகாரத்தைப் பார்த்தோம். சக்கரம் எழுந்ததிலிருந்து சக்கரம் படிந்தது வரையில் ஒரு நிமிஷமும் சில விநாடிகளும்தான்.

அட்டவணையில் 2 நிமிஷம் என்று போட்டிருந்தாலும், காற்று பின்னாலிருந்து தள்ளிக்கொடுத்தால் இன்னும் சீக்கிரமாகவே போய்விடலாம். ஸ்டூவர்ட் லிங்க்லேட்டர் என்ற விமானி ஒரு முறை 53 விநாடியில் கடந்திருக்கிறார். அதுவே இந்த மார்க்கத்தின் சாதனை. 2013-இல் ஓய்வு பெறுவதற்குள் இந்தக் குறுகிய பிரயாணத்தை 12,000 தடவைக்கு மேல் செய்தவர் அவர். கணக்குப் போட்டுப் பார்த்தால் அட்டவணைப்படி வேகம் மணிக்கு 81 கிலோமீட்டர். லிங்க்லேட்டரின் வேகம் மணிக்கு 183 கிலோமீட்டர். பையன்கள் இரண்டையும் போட்டுப் பார்க்கலாம்.

பாப்பா வெஸ்ட்ரேயில் இறங்கியதும் எங்கள் கண்ணில் முதலில் பட்டது ஒரு தீயணைக்கும் வண்டியும், அதன் பக்கத்தில் தலைக்கவசம் போட்டு நின்ற சிலரும். என்னவோ ஏதோ என்று பயந்துவிட்டோம். விசாரித்ததில், ஒவ்வொரு விமானம் வரும்போதும் இப்படி நிற்பது வழக்கம் என்று தெரிந்தது. நிற்பவர்கள் உள்ளூர்க்காரர்களே. விமானம் போன பிறகு கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு அவரவர் மாட்டைப் பார்க்கவும் வேறு வேலைக்கும் போய்விடுகிறார்கள். சிறிய தீவில் ஒருவருக்கு ஓர் உத்தியோகம் என்பது கட்டுப்படி ஆவதில்லை.

தீவின் பெயரைக் கேட்டு நம் வீட்டுக் குழந்தைகள் சிரிக்கலாம். பாப்பா என்றால் இங்கே குழந்தை அல்ல. நார்வே பாஷையில் துறவிகளான பாதிரிமாரைக் குறிக்கும் சொல். பாதிரிமார் தீவு என்று பொருள். ஊரார் செல்லமாகப் ‘பாப்பே’ என்கிறார்கள். நீளம் நாலு மைல். அகலம் ஒரு மைல். 2011-இல் குடியிருந்தவர்கள் 90 பேர். நம் ஊரில் ஒரு தெருவின் ஜனத்தொகை.

ஆனால் இந்தத் தெருவுக்கு வயது அதிகம். தீவின் மேற்குக் கரையில் ‘நாப் ஆஃப் ஹவர்’ என்ற இடத்தில் இரண்டு கல்வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. வட ஐரோப்பாவில் இன்றும் நிற்கும் கல்வீடுகளில் மிகப் பழமையானவை இவை. கி.மு. 3700-ஆம் வருஷ வாக்கில் இங்கே ஜனங்கள் வாழத் தொடங்கிவிட்டார்கள். எகிப்தின் பெரிய பிரமிடு எழுவதற்கு ஆயிரம் வருஷம் முந்தி! கூரை இல்லை, சுவரும் வாசலும் அப்படியே இருக்கின்றன. குனிந்து உள்ளே போனோம். ஒரு வீட்டிலிருந்து மற்ற வீட்டுக்குச் சுவருக்குள்ளேயே ஒரு சிறு வழி. நிமிர்த்தி நாட்டிய கற்பலகைகளால் அறை பிரித்திருக்கிறார்கள். தரையில் தானியம் அரைத்த கல் ஒன்று, நடுவே தேய்ந்து குழிந்து கிடக்கிறது. வீட்டுக் கணக்குப் பார்ப்பவர் அதன்மேல் கையை வைத்து, “இது நம் அம்மிக்கல் அல்லவா! எத்தனை தலைமுறைப் பெண்கள் அரைத்திருந்தால் கல் இப்படிக் குழியும்!” என்றார். வாத்தியாருக்கு அதற்குச் சூத்திரம் தெரியவில்லை.

அந்த வாசலில் நின்று பார்த்தால் நேர் எதிரே வெஸ்ட்ரே. இப்போது கடல் வீட்டு வாசல் வரை வந்து இடிக்கிறது. வீடு கட்டிய காலத்தில் கடல் எட்டி இருந்தது. இரண்டு தீவுகளும் அந்நாளில் ஒரே நிலமாக இருந்திருக்கக் கூடும் என்றும் கருதுகிறார்கள். அப்படியானால் அந்தப் பழைய மனிதர்கள் அங்கே நடந்தே போயிருப்பார்கள். எங்கள் பின்வரிசைப் பையன் சொன்னதை ஐயாயிரம் வருஷத்துக்கு முன் சொல்லியிருந்தால் சரியாகத்தான் இருந்திருக்கும்.

தீவின் வடக்குப் பகுதி பறவைகளின் ராஜ்யம். அங்கே ஒரு துயரக் கதையும் உண்டு. ‘கிரேட் ஆக்’ என்று ஒரு பெரிய கடற்பறவை, நீந்துவதில் சூரன், ஆனால் பறக்கத் தெரியாது. ஆர்க்னியின் கடைசிப் பறவையை 1813-இல் இந்தத் தீவில்தான் சுட்டார்கள். லண்டனில் காட்சிசாலை வைத்திருந்த வில்லியம் புல்லக் என்பவரின் சேகரத்துக்காக அது கொல்லப்பட்டது. 1844-இல் ஐஸ்லாந்துக்கு அருகே எல்டே தீவில் கடைசி ஜோடியும் ஒழிந்தது. பறக்க முடியாததால் ஓர் இனமே அழிந்தது. அந்தப் பறவைக்கு எழுப்பிய ஞாபகச் சின்னத்தின் அருகே நின்றுகொண்டிருந்தபோது, மேலே எங்கள் விமானம் கிர்க்வாலுக்குத் திரும்பிப் போகும் சப்தம் கேட்டது. தீவில் வாழும் மனிதர்களுக்கும் பறப்பது வேடிக்கை அல்ல என்று அப்போது தோன்றிற்று.

இத்தீவுகளுக்கு விமானம் வந்த கதையைச் சற்றுச் சொல்ல வேண்டும். 1933-இல் கேப்டன் ஃப்ரெஸன் என்பவர் ஸ்காட்லாந்தின் இன்வர்னெஸ் நகரிலிருந்து கிர்க்வாலுக்கு விமானம் விடத் தொடங்கினார். மறு வருஷம், 1934 மே 29-ஆம் தேதி, அதே மார்க்கத்தில் தபாலும் விமானத்தில் வந்தது. பிரிட்டனுக்குள் கிரமமாக நடந்த முதல் உள்நாட்டு விமானத் தபால் அதுவே. அதற்குத் தனிக் கட்டணமும் வாங்கவில்லை. சிறு தீவுகளுக்கிடையே இன்று நடக்கும் போக்குவரத்தை 1967-இல் லோகன்ஏர் என்ற கம்பெனி தொடங்கியது.

எட்டு ஆசனங்கள், தொண்ணூறு ஜனங்கள். இதில் லாபம் எப்படி வரும்? வராது. ஆர்க்னித் தீவுகளின் ஸ்தல கவுன்ஸில் பொதுப் பணத்திலிருந்து ஈடு செய்கிறது. இதைப் பொதுச் சேவைக் கடமை என்று சட்டத்திலேயே வைத்திருக்கிறார்கள். தர்மம் அல்ல, கடமை.

அந்த விமானத்தில் யார் யார் வருகிறார்கள் என்று பார்த்தால் விஷயம் விளங்கும். தீவில் ஒரு சிறு ஆரம்பப் பள்ளி இருக்கிறது. விரல் விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகள். அவர்களுக்குச் சங்கீதமும் சித்திரமும் தேகப் பயிற்சியும் கற்பிக்க, தீவு தீவாகச் சுற்றும் ஆசிரியர்கள் பறந்து வருகிறார்கள். வைத்தியர் வருகிறார். வங்கிக்காரர் வந்ததுண்டு. பெரிய படிப்புக்காகக் கிர்க்வாலுக்குப் போய் விடுதியில் தங்கும் பிள்ளைகள் வார முடிவில் அம்மா கையால் சாப்பிட வீடு திரும்புகிறார்கள். ஐந்து பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு ஒரு பாட்டு வாத்தியார் விமானத்தில் வருகிறார் என்று கேட்டதும், எங்களில் ஒருவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். நம் பக்கத்து மலைக் கிராமங்களில் ஏறி இறங்க அலுத்துக்கொண்டு மாற்றல் கேட்ட வாத்தியார்களை அவர் அறிவார். அவரும் ஒரு முறை கேட்டவர்.

ஜனங்களும் சும்மா கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. கடையும் விடுதியும் நடத்த ஆளில்லாமல் தீவு காலியாகிவிடும் என்ற பயம் வந்தபோது, 1979-இல் ஊரார் கூடி ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். இன்றும் கடை அவர்களுடையது. நாங்கள் தங்கிய விடுதியும் அவர்களுடையதே. அரிசி கிடைத்தது, பாலும் உருளைக்கிழங்கும் தாராளம், கையோடு கொண்டுபோன பருப்புப் பொடி மீதியைச் செய்தது. தீவில் விளைந்த உருளைக்கிழங்கும் தஞ்சாவூர்ப் பருப்புப் பொடியும் அவ்வளவு நன்றாகப் பொருந்தும் என்று அதற்கு முன் யாரும் சோதித்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மூன்றாம் நாள் காலை நாங்கள் கிர்க்வாலுக்குத் திரும்ப வேண்டும். பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது விடுதியைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி வந்தார். வழக்கமான சிரிப்பு இல்லை. வடக்குப் பக்கத்துப் பண்ணை வீட்டுப் பெண் ஒருத்தியின் தகப்பனார் கிர்க்வால் ஆஸ்பத்திரியில் இருக்கிறாராம். இரவு உடம்பு மிகவும் மோசமாகிவிட்டதாம். “அவளும் பையனும் போக வேண்டும். இன்றைய விமானத்தில் இடம் இல்லை. இன்று கப்பலும் இல்லை” என்று சொல்லிவிட்டு எங்கள் படுக்கையை மடிக்கத் தொடங்கினார். எங்களை ஒன்றும் கேட்கவில்லை. கேட்பது மரியாதை அல்ல என்று நினைத்திருக்க வேண்டும்.

எட்டு ஆசனங்களில் இரண்டு எங்களுடையவை. உலகத்தின் மிகக் குறுகிய விமானப் பிரயாணத்தைப் பார்த்தோம் என்று ஊரில் சொல்லிக்கொள்வதற்காக வாங்கிய ஆசனங்கள். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பேச்சுக்கு அவசியம் இருக்கவில்லை.

விமானத் தளத்தில் அந்தப் பெண் எங்கள் கையைப் பிடித்துக்கொண்டார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்; சொல்லவில்லை. பையனுக்கு ஆறு வயது இருக்கும். அவன் மட்டும் விமானி பக்கத்து ஆசனம் கிடைத்த குதூகலத்தில் இருந்தான். கதவு சாத்தினார்கள். விமானம் தெற்கே திரும்பிச் சிறு புள்ளியாயிற்று.

அன்று முழுவதும் தீவில் இருந்தோம். மாலையில் விடுதிப் பெண்மணி ஓடிவந்து, “பார்த்துவிட்டாளாம். தகப்பனார் அடையாளம் கண்டுகொண்டாராம். பேரன் கையைப் பிடித்துக்கொண்டு பேசினாராம்” என்றார். அதற்குப் பிறகு அந்தப் பெரியவருக்கு என்ன ஆயிற்று என்று நாங்கள் விசாரிக்கவில்லை. மறுநாள் இடம் கிடைத்து ஊர் திரும்பினோம். குறுகிய விமானத்தில் போனவர்களுக்குக் கொடுக்கும் நற்சாட்சிப் பத்திரம் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. பார்க்க வருகிறவர்களிடம் நாங்கள் பெரும்பாலும் அந்த இரண்டு நிமிஷத்தைப் பற்றிப் பேசுவதில்லை. விட்டுக்கொடுத்த பிரயாணத்தைப் பற்றியே பேசுகிறோம்.

ஒரு வேடிக்கையான ஒப்பீட்டையும் சொல்லிவிட வேண்டும். 2020 நவம்பரில் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் கென்னடி விமான நிலையத்துக்கு நேர் விமானம் தொடங்கியபோது, அதுவே உலகத்தின் மிக நீண்ட பிரயாணம்: சுமார் 15,300 கிலோமீட்டர், பதினெட்டு மணி நேரத்துக்கு மேல். சிங்கப்பூர் ஒரு தீவு. கென்னடி நிலையம் இருப்பதும் லாங் ஐலண்ட் என்ற தீவிலேதான். மிக நீண்டதும் தீவிலிருந்து தீவுக்கு. மிகக் குறுகியதும் தீவிலிருந்து தீவுக்கு! முன்னது பின்னதைப்போல் ஐயாயிரத்து அறுநூறு மடங்கு தூரம். பணம் படைத்த இரண்டு மாநகரங்களுக்கு நடுவே பெரிய விமானத்தை விடுவதற்குச் சாமர்த்தியம் போதும். தொண்ணூறு பேருக்காகச் சிறிய விமானத்தை அரை நூற்றாண்டுக்கு மேல் விடாமல் ஓட்டுவதற்குச் சாமர்த்தியத்தோடு வேறொன்றும் வேண்டும்.

நம் தேசத்துக்கும் தீவுகள் உண்டு. லட்சத்தீவுகளில் 1988 முதல் அகத்தியில் விமானத் தளம் இருக்கிறது. மற்றத் தீவுகளுக்குக் கப்பலும் ஹெலிகாப்டரும் போகின்றன. நோயாளிகளை ஹெலிகாப்டரில் கொச்சிக்குக் கொண்டுவருகிறார்கள். தமிழர் பலர் வாழும் அந்தமானிலும் தீவுக்குத் தீவு கப்பலும் ஹெலிகாப்டரும் உண்டு. இவற்றை நஷ்டம் என்று எழுதும் கணக்குப் புத்தகம் எதையும் நாம் நம்பக் கூடாது. கடல் சூழ்ந்தால்தான் தீவு என்பதும் இல்லை. மழைக்காலத்தில் ஆறு பெருகினால் அக்கரையில் நின்றுவிடும் கிராமமும் தீவுதான். பஸ் போகாத மலையூரும் தீவுதான். ஒரு தேசம் எவ்வளவு பெரியது என்பதைப் படத்தில் அளந்தால் தெரியாது. அதன் கடைசிக் குடிசையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு எத்தனை நாழிகை, பள்ளிக்கூடத்துக்கு எத்தனை நாழிகை என்று அளந்தால் தெரியும்.

பள்ளி திறந்ததும் கரும்பலகையில் அதே கணக்கைத்தான் எழுதினோம். பின்வரிசைப் பையனைக் கூப்பிட்டு, கதை முழுவதையும் சொன்னோம். அவன் கேட்டுவிட்டுச் சிறிது யோசித்தான்.

“அப்படியானால் கணக்கு சரிதான் ஸார்” என்றான். பிறகு தயங்கித் தயங்கி, “ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் நானும் பள்ளிக்கூடத்துக்கு வர முடிவதில்லை. அந்த நாட்களில் எங்கள் வீடு எத்தனை கிலோமீட்டர் என்று போடுவது?” என்று கேட்டான்.

அந்தக் கணக்குக்கு விடை இன்னும் எழுதவில்லை. அது வாத்தியார் ஒருவர் மட்டும் போடக்கூடிய கணக்கு அல்ல.